வேலிக்குள் போன ஊர்கள்

அசாமின் சில்சாரிலிருந்து கிளம்பும் ஷேர் சூமோ லைலாபூரைத் தாண்டியதும் சமவெளி முடிந்துவிடுகிறது. வயலும் குளமும் பாக்குமரமும் பின்னால் போக, சாலை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. முதல் சில வளைவுகளிலேயே மூங்கில் காடு சூழ்ந்துகொள்கிறது. அங்கே வைரெங்தே, மிசோரத்தின் வாசல். தடுப்புக்கட்டை, போலீஸ் சாவடி, வரிசை எல்லாம் உண்டு. வெளிமாநிலத்தவர் உள்நுழைவு அனுமதிச் சீட்டு இல்லாமல் இதைத் தாண்ட முடியாது. 1873-ல் ஆங்கிலேயர் வங்காளத்தின் கிழக்கு எல்லைக்கென்று போட்ட சட்டம் இது. போட்டவர்கள் போய்விட்டார்கள், சட்டம் போகவில்லை. சில்சாரில் உள்ள மிசோரம் இல்லத்தில் புகைப்படமும் அடையாள அட்டை நகலும் கொடுத்து வாங்கிய சீட்டை நீட்டினேன். சாவடிக்காரர் ‘தமிழ்நாடு’ என்பதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “டூரிஸ்டா?” என்றார். ஆமாம் என்றேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ராணுவக் கோட்பாடு என்றால் தலைமையக அலமாரியில் இருக்கிற தடித்த புத்தகம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்கும் இந்தியக் கோட்பாட்டைக் கண்ணால் பார்க்கவும் ஓர் இடம் இருக்கிறது. வைரெங்தேயில் தொடங்கி ஐஸ்வால் வழியாகத் தெற்கே லுங்லேய்க்குப் போகும் இந்த மலைச்சாலைதான் அது. கோட்பாட்டைக் கற்றுக்கொடுக்கும் பள்ளி சாலையின் தொடக்கத்தில் இருக்கிறது. கோட்பாடு பட்ட பாடும் படுத்திய பாடும் சாலை நெடுக இருக்கின்றன. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

கிளர்ச்சி எதிர்ப்பு மற்றும் காட்டுப் போர்ப் பள்ளி 1970-லிருந்து வைரெங்தேயில் இயங்குகிறது. “கெரில்லாவை எதிர்க்க கெரில்லாவைப் போலவே போரிடு” என்பது அதன் முழக்கம். காஷ்மீருக்கோ மணிப்பூருக்கோ அனுப்பப்படும் படைப்பிரிவுகளிலிருந்து அதிகாரிகளும் வீரர்களும் இங்கே வந்து பயிற்சி எடுக்கிறார்கள். அமெரிக்கா உட்படப் பல நாட்டு ராணுவத்தினரும் இந்த மூங்கில் காட்டில் வியர்வை சிந்திவிட்டுப் போயிருக்கிறார்கள். வளாகத்துக்குள் போக வெளியாருக்கு அனுமதி இல்லை. நான் கேட்கவும் இல்லை.

கேட்காமலே கிடைத்தது ஒரு பேச்சு. சாவடிக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் சாதாரண உடையில் இருந்த இளைஞர் ஒருவர், நான் கைப்பேசியில் வீட்டோடு பேசி முடிக்கும்வரை காத்திருந்து, “அண்ணே, நம்ம ஊரா?” என்றார். திருவண்ணாமலைப் பக்கம். விடுமுறை முடிந்து படைப்பிரிவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சில வருடங்களுக்கு முன் இங்கே பயிற்சி எடுத்தவர்.

“என்ன தம்பி சொல்லிக் குடுப்பாங்க?”

“அதெல்லாம் கேக்காதீங்கண்ணே” என்று சிரித்தார். பிறகு அவராகவே, “ஒண்ணு சொல்லலாம். பொம்மை ஊரு மாதிரி இருக்கும். திரும்புற இடத்துல திடீர்னு ஒரு உருவம் எந்திரிக்கும். துப்பாக்கி வச்சிருக்கிறவனா, குடத்தோட வர்ற பொம்பளையான்னு கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள முடிவு பண்ணணும். தப்பாச் சுட்டா மார்க் போச்சு” என்றார்.

“நிஜத்துல?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நிஜத்துல மார்க் போடறதுக்கு ஆள் இல்லண்ணே.” சூமோ ஓட்டுநர் ஹாரன் அடித்தார். தம்பி எழுந்து, “பாத்துப் போங்க, ரோடு மோசம்” என்று கை கொடுத்தார்.

இதே வைரெங்தே எல்லையில் 26 ஜூலை 2021 அன்று அசாம் போலீஸும் மிசோரம் போலீஸும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். அசாம் காவலர்கள் ஆறு பேர் இறந்தார்கள். நிலத் தகராறு. இரு தரப்பும் இந்தியச் சீருடை. உள்நாட்டுச் சண்டையை அடக்கப் பயிற்றுவிக்கும் பள்ளியின் பக்கத்திலேயே அது நடந்தது.

சாலை பில்காத்லிர் வழியாகக் கோலாசிப்புக்கு ஏறுகிறது. ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் மண்சுவர். மழையில் சரிந்த மண்ணை ஜேசிபி ஒதுக்கும்வரை வண்டிகள் காத்திருக்கின்றன. காத்திருந்த நேரத்தில் கவனித்தேன். இந்தச் சாலையில் ஊர்கள் எல்லாம் சாலையைப் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் கிடக்கின்றன. மிசோக்களின் பழைய வழக்கம் இதுவல்ல. பாதுகாப்புக்காக மலைமுகட்டில் ஊர் அமைத்து, சரிவுகளில் காட்டை வெட்டி எரித்துப் புனம் விதைத்து, சில ஆண்டுகளில் புனம் மாற்றுவது அவர்கள் வழக்கம். முகட்டில் இருந்த ஊர் சாலையோரத்துக்கு எப்படி வந்தது என்பதுதான் கதை.

கதை மூங்கிலிலிருந்து தொடங்குகிறது. இந்த மலைகளில் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பூத்துக் காய்த்து மடியும். அந்தக் காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் எலிகள் புனத்து நெல்லில் இறங்கும். பஞ்சம் வரும். மிசோக்கள் இதை மௌதாம் என்கிறார்கள். மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்று பெரியவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். அன்றைய அசாம் அரசு அதைப் பழங்குடி நம்பிக்கை என்று தள்ளிவிட்டது. 1959-ல் பஞ்சம் வந்தது. நிவாரணத்துக்கென்று 1960-ல் தொடங்கிய மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961 அக்டோபரில் பெயரில் இருந்த பஞ்சத்தை எடுத்துவிட்டு மிசோ தேசிய முன்னணி ஆயிற்று. தலைவர் லால்டெங்கா, இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர்.

28 பிப்ரவரி 1966 இரவு முன்னணியின் ஆயுதப் படை ஒரே நேரத்தில் பல ஊர்களில் தாக்கியது. லுங்லேய் விழுந்தது. ஐஸ்வாலில் அசாம் ரைபிள்ஸ் முகாம் முற்றுகைக்குள்ளானது. மறுநாள் சுதந்திரப் பிரகடனம். ஹெலிகாப்டரில் படை இறக்கப் பார்த்தும் கீழேயிருந்து வந்த சூட்டில் முடியவில்லை. மார்ச் 5 அன்று ஐஸ்வால் நகரத்தின் மேல் இந்திய விமானப் படையின் தூஃபானி, ஹண்டர் விமானங்கள் பறந்தன. இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன, தீக்குண்டு போட்டன. டார்பூய், ரிபப்ளிக் வெங் போன்ற குடியிருப்புகள் எரிந்தன. சொந்த நாட்டின் நகரத்தின் மேல் இந்திய விமானப் படை குண்டு போட்டது அதுதான் முதலும் கடைசியும். ஆளும் பொருளும் இறக்கத்தான் விமானங்கள் போயின என்று அப்போதைய அரசு சொன்னது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் பிரதமர் மோடி காங்கிரஸைக் குற்றம் சாட்டும்போது அந்த மார்ச் 5-ஐ வாய்விட்டுச் சொன்னார்.

படை சாலை வழியே ஐஸ்வால் சேர்ந்ததும் முன்னணியினர் காட்டுக்குள் போய்விட்டார்கள். அங்கேதான் கோட்பாடு என்ற கேள்வி எழுந்தது. காட்டில் இருப்பவனுக்கு ஊர் சோறு போடுகிறது, தகவல் சொல்கிறது, ஒளிய இடம் தருகிறது. மாவோ சொன்ன மீனும் தண்ணீரும் இதுதான். மீனைப் பிடிக்க முடியாத ராணுவங்கள் தண்ணீரை இறைக்கப் பார்த்தன. முன்மாதிரி மலாயாவில் இருந்தது. 1948-ல் அங்கே கம்யூனிஸ்ட் கிளர்ச்சி வெடித்தபின், 1950-ல் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் போட்ட திட்டப்படி, காட்டோரம் குடியிருந்த சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, பெயர்த்து, முள்வேலி போட்ட ‘புதுக் கிராம’ங்களில் குடிவைத்தார்கள். ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் லயங்களும் தப்பவில்லை. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் கூட்டி அடுக்கப்பட்டு, கம்பி வேலியும் காவலும் போடப்பட்டன. காட்டுக்குள் ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்று வாசலில் சோதனை. தோட்டத்துத் தமிழர் குடும்பங்களில் வயதானவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், ‘எமர்ஜென்சி காலம்’ என்று தொடங்குவார்கள்.

மலாயாவில் அது வென்றது என்று ராணுவக் கல்லூரிகள் முடிவு கட்டின. அமெரிக்கர்கள் 1962-ல் தென் வியட்நாமில் அதை முயன்று இரண்டே ஆண்டில் கைவிட்டார்கள். இந்திய ராணுவம் மிசோ மலையில் கையில் எடுத்தது. கிழக்குப் பிராந்தியத் தளபதியாக அப்போது இருந்தவர் சாம் மானெக்‌ஷா.

1967 ஜனவரியில் தொடங்கினார்கள். வைரெங்தே–ஐஸ்வால்–லுங்லேய் சாலையின் இருமருங்கிலும் இருந்த 106 ஊர்கள், சாலையோர 18 மையங்களில் கொட்டப்பட்டன. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள், பத்து வாரத்துக்குள். அரசுக் கோப்புகளில் அந்த மையங்களின் பெயர் ‘பாதுகாக்கப்பட்ட முற்போக்குக் கிராமங்கள்’. சீனப் போர்க் காலத்து இந்தியப் பாதுகாப்பு விதிகள் இதற்குச் சட்டப் போர்வை. அடுத்தடுத்த கட்டங்களில் பல பெயர்களில் மையங்கள் முளைத்தன. 764 ஊர்களில் 516 ஊர்கள் 110 மையங்களாகச் சுருங்கின. மலைவாழ் மக்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் வேலிக்குள். 1970-ல் கவுகாத்தி உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனபிறகுதான் மேற்கொண்டு கூட்டுவது நின்றது. மலாயாவில் குடிபெயர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பட்டா இல்லாத குடியேறிகள், அவர்களுக்கு அரசு பட்டா கொடுத்தது. மிசோக்களுக்கு அவர்கள் விட்டு வந்தது பாட்டன் முப்பாட்டன் எரித்து விதைத்த புனம், அடக்கம் செய்த மண். ஒரு நாட்டில் செய்ததை இன்னொரு நாட்டில் அப்படியே செய்தவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பொருட்படுத்தவில்லை.

ஐஸ்வாலில் இறங்கும்போது இருட்டிவிட்டது. மலைச்சரிவு முழுக்க விளக்குகள். சரிவில் தூண் ஊன்றி, தெருவுக்கு மேலே இரண்டு மாடி, தெருவுக்குக் கீழே நான்கு மாடி என்று கட்டப்பட்ட வீடுகள். ஹாரன் சத்தமே இல்லாத போக்குவரத்து முதல் நாள் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது போலிருந்தது. இரு சக்கர வாகனங்கள் ஒரு வரிசை, கார்கள் ஒரு வரிசை. யாரும் முந்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை, சர்ச் மணி மட்டும். தங்கியிருந்த வீட்டு அம்மாள் காலையில் கொடுத்தது சோறும், கீரையும் புளிக்கவைத்த பன்றிக்கொழுப்பும் சேர்ந்த ‘பாய்’ என்ற குழம்பும். எரிந்த குடியிருப்பு எது என்று இன்று அடையாளம் காண முடியாது. டார்பூயில் ஜவுளிக்கடையும் கைப்பேசிக் கடையும்தான்.

வேலி எப்படி இருந்தது என்று கேட்பதற்கு நகரம் சரியான இடமில்லை என்று தங்கியிருந்த வீட்டில் சொன்னார்கள். தெற்கே செர்ச்சிப் போகும் சாலையில் ஓர் ஊருக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். அங்கே நான் பார்க்கப் போனவர் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண்ணின் தாத்தா. ஊர்ப் பெயரும் தன் பெயரும் எழுத வேண்டாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. பெரியவர்களை மிசோக்கள் விளிப்பது போல நானும் ‘கபு’ என்றே அழைத்தேன். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் கொஞ்சம் இளக்கம். அடுப்பங்கரையில் உட்கார வைத்தார். அடுப்புக்கு மேலே பரணில் புகையேறிய இறைச்சித் துண்டுகள் தொங்கின. பேத்தி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

அந்த ஜனவரியில் அவருக்குப் பதினான்கு வயது. இரண்டு மலை தள்ளி முகட்டில் இருந்தது ஊர். காலையில் சிப்பாய்கள் வந்தார்கள். தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு கிளம்பச் சொன்னார்கள். அம்மா பானையையும் அரிசிக் கூடையையும் எடுத்தாள். பாட்டியை அப்பா முதுகில் கட்டிக்கொண்டார். பன்றியைக் கொண்டுபோக முடியாதென்று அவிழ்த்துவிட்டார்கள். முதல் மலை இறங்கித் திரும்பிப் பார்த்தபோது ஊர் புகைந்தது. களஞ்சியத்தில் இருந்த அந்த வருட நெல்லும் சேர்ந்து எரிந்தது. காட்டிலிருப்பவர்களுக்குக் கிடைத்துவிடக் கூடாதே.

புது ஊரைச் சுற்றி மூங்கில் வேலி. அதற்கு வெளியே கூர் சீவி நட்ட மூங்கில் முளைகள். வேலியைக் கட்டியவர்களும் முளை சீவியவர்களும் உள்ளே வந்தவர்களேதான், கூலி இல்லாமல். ஒரே வாசல், அங்கே காவல். எல்லாருக்கும் அடையாள அட்டை. காலையில் தலை எண்ணுவார்கள், மாலையில் தலை எண்ணுவார்கள். இரவில் யாரும் வெளியே தெரியக் கூடாது.

“பசி எப்படி வந்தது என்று சொல்கிறேன்” என்றார் கபு. விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். வாசல் விடிந்த பிறகுதான் திறக்கும். பொழுது சாய்வதற்குள் திரும்பியாக வேண்டும். பழைய புனத்துக்கு நடக்க அரை நாள். போன கையோடு திரும்ப வேண்டும். அதனால் வேலிக்குப் பக்கத்துச் சரிவிலேயே எல்லாரும் புனம் போட்டார்கள். ஒரு ஊருக்குப் போதுமான சரிவில் ஏழு ஊர் விதைத்தது. இரண்டு விளைச்சலில் மண் செத்துவிட்டது. அப்புறம் ரேஷன் அரிசி வரிசை. “அதுவரை நாங்கள் யாரிடமும் கையேந்தியதில்லை” என்றார். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பேத்தி இந்த இடத்தில் நிறுத்தி, தாத்தாவிடம் மிசோவில் ஏதோ கேட்டாள். அவளுக்கும் அது புதுச் செய்தி போலிருந்தது.

முன்னணிக்காரர்கள் நல்லவர்களாக இருந்தார்களா என்று கேட்டேன். அவர்களும் வரி கேட்டார்கள், அரிசி கேட்டார்கள், காட்டிக்கொடுத்தவன் என்று சந்தேகம் வந்தால் இரவில் வந்து கூட்டிப்போனார்கள் என்றார். “பகலில் இவர்களுக்குப் பயம், இரவில் அவர்களுக்குப் பயம்.” அவருடைய அண்ணன் ஒருவர் முன்னணியில் சேர்ந்து கிழக்குப் பாகிஸ்தான் முகாமுக்குப் போனவர், திரும்பவில்லை. எப்போது சேர்ந்தார் என்று கேட்டேன். பதில் சட்டென்று வந்தது: “ஊர் எரிந்த பிறகு.”

கோட்பாட்டுப் புத்தகங்கள் எழுதுகிறவர்கள் ஒரு கணக்கை எப்போதும் சரியாகப் போடுவதில்லை. வேலி போட்டதால் காட்டுக்குப் போகாமல் நின்ற அரிசி எத்தனை மூட்டை என்று எண்ணிவிடலாம். வேலி போட்டதால் காட்டுக்குப் போன அண்ணன்கள் எத்தனை பேர் என்று எண்ண முடியாது. அன்று பணியிலிருந்த சிலருக்கே இது உறுத்தியிருக்கிறது. மிசோரத்தில் ஆட்சிப் பணியில் இருந்த விஜேந்திர சிங் ஜாஃபா, டார்சோ என்ற ஊரைக் காலி செய்த ராணுவ அதிகாரி ஒருவரின் வாக்குமூலத்தைப் பின்னாளில் பதிவு செய்தார். ஊரை எரிக்கச் சொன்னதும், கிளர்ச்சிக்காரர் தொல்லை தாங்காமல் நாங்களாகவே இடம் பெயர்கிறோம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் துப்பாக்கி முனையில் கையெழுத்து வாங்கியதும் அதில் இருக்கின்றன. ‘பாதுகாக்கப்பட்ட முற்போக்குக் கிராமம்’ என்ற கோப்பின் முதல் தாள் அப்படித்தான் எழுதப்பட்டது.

வேலி போட்ட பிறகும் சண்டை ஏறத்தாழ இருபது ஆண்டு நீடித்தது. 1971-ல் வங்கதேசம் பிறந்ததில் முன்னணி தன் முகாம்களை இழந்தது. அந்தப் போர் செய்ததை வேலிகள் செய்திருக்கவில்லை. அதற்குப் பிறகும், 13 ஜனவரி 1975 அன்று, நம்மூரில் பொங்கல் நேரம், ஐஸ்வால் போலீஸ் தலைமையகத்துக்குள்ளேயே புகுந்து ஐ.ஜி. ஆர்யா, டி.ஐ.ஜி. சேவா, எஸ்.பி. பஞ்சாபகேசன் மூவரையும் சுட்டுக் கொன்றார்கள். பாதுகாப்பு என்று பெயர் வைத்த எட்டாண்டுக்குப் பின் நிலைமை அது.

மாற்றம் தொடங்கியது ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்துதான் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம். இந்திய ராணுவத்தில் பிரிகேடியராக ஓய்வுபெற்று ஊர் திரும்பிய டெங்புங்கா சாய்லோ, மக்கள் படும் அவதியைப் பார்த்து 1974-ல் மனித உரிமைக் குழு ஒன்றைத் தொடங்கினார். ராணுவ அத்துமீறல்களைத் தொகுத்துப் பிரதமர் இந்திரா காந்திக்கு மனு அனுப்பினார். சிறை வைத்தார்கள். 1978-ல் அவர் கட்சி தேர்தலில் வென்று அவரை முதலமைச்சர் ஆக்கியது. இன்னொரு பக்கம் தேவாலயங்கள் இரு தரப்பிடமும் போய்ப் பேசிக்கொண்டே இருந்தன. 30 ஜூன் 1986 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. லால்டெங்கா ஆயுதத்தை விட்டார். பதவியிலிருந்த காங்கிரஸ் முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். 20 பிப்ரவரி 1987-ல் மிசோரம் மாநிலமாயிற்று. நாற்காலியை விட்டுக்கொடுத்த அந்த முதலமைச்சரின் பெயர் எந்தப் போர்க் கையேட்டிலும் பாடமாக வைக்கப்பட வேண்டியது.

ஐஸ்வாலுக்குத் திரும்பி லுவாங்முவாலில் இருக்கும் முன்னணித் தியாகிகள் கல்லறைக்குப் போனேன். ஒரே மாதிரியான கற்கள், வரிசை வரிசையாக, பெயர் பெயராக. இந்தியாவுக்கு எதிராகப் போரிட்டு இறந்தவர்களின் நினைவிடம் இந்திய மாநிலத் தலைநகரில் பூச்செடியோடு பராமரிக்கப்படுகிறது. அதை யாரும் தேசத்துரோகம் என்று சொல்வதில்லை. அந்த முன்னணியில் இருந்த ஜோரம்தங்கா மூன்று முறை முதலமைச்சராக இருந்துவிட்டார்.

இந்திய ராணுவமும் தன் பங்குக்குப் பாடம் எழுதிக்கொண்டது. 1993-ல் தலைமைத் தளபதி ஜெனரல் பி.சி. ஜோஷி வீரர்களுக்குப் பத்துக் கட்டளைகள் வெளியிட்டார். வன்புணர்வு கூடாது, சித்திரவதை கூடாது என்று வரிசையாகச் சொல்பவை அவை. ஆயுதப் படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை 1997-ல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், ராணுவம் தனக்கென வகுத்த ‘செய், செய்யாதே’ விதிகள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்றது. 2006 டிசம்பரில் சிம்லாவில் உள்ள பயிற்சித் தலைமையகம் உள்நாட்டு நடவடிக்கைகளுக்கான கோட்பாட்டை நூலாகவே கொண்டுவந்தது. குறைந்தபட்ச பலப் பிரயோகம், மனித உரிமை, மக்களே மையம் என்றெல்லாம் அது பேசுகிறது. அதே மாதம் அமெரிக்க ராணுவமும் இராக் அனுபவத்தில் தன் புதிய கிளர்ச்சி எதிர்ப்புக் கையேட்டை வெளியிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: மக்களைப் பகைத்துக்கொண்டால் தோட்டா எத்தனை செலவழித்தாலும் தோல்விதான். மிசோ மலைக்குப் பிறகு உள்நாட்டு ஊர் எதன் மேலும் விமானக் குண்டு விழவில்லை. ஊர்களைக் கூட்டும் திட்டத்தை அந்த அளவில் ராணுவம் மறுபடி தொடவும் இல்லை. இவை சிறிய விஷயங்கள் இல்லை.

ஆனால் எழுதியதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. நாகா மலைக்குப் போன படைகளுக்கு 1955-லேயே தளபதியின் சிறப்பு ஆணை இருந்தது, நீங்கள் சந்திக்கப்போகும் மக்கள் உங்கள் சக இந்தியர்கள் என்று. பதினோரு வருடம் கழித்து ஐஸ்வால் எரிந்தது. 2006-ன் நல்ல புத்தகம் வந்து பதினைந்து வருடம் கழித்து, 4 டிசம்பர் 2021 அன்று, நாகாலாந்தின் ஓதிங்கில் வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய சுரங்கத் தொழிலாளர்கள் ஆறு பேரைக் கிளர்ச்சிக்காரர்கள் என்று நினைத்து ராணுவச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. அதைத் தொடர்ந்த மோதலில் மேலும் ஊர்மக்கள் செத்தார்கள். அந்த வீரர்கள்மேல் வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி தரவில்லை. வைரெங்தே தேநீர்க் கடையில் கேட்டது இங்கே நினைவுக்கு வரத்தான் செய்கிறது. மார்க் போட ஆள் இல்லாத தேர்வில் பாடப் புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்து என்ன?

ஐஸ்வால் நகர நடுவில், முகட்டின் உச்சியில், ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அசாம் ரைபிள்ஸ் முகாம் இருந்தது. 1966-ல் முற்றுகையிடப்பட்ட அதே இடம். நகரம் அதைச் சுற்றி வளர்ந்தது. படையை ஊருக்கு வெளியே மாற்றச் சொல்லிப் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். 2025 மார்ச்சில் உள்துறை அமைச்சர் அமித் ஷா வந்து, நகரத்துக்கு வெளியே ஜோகாவ்சாங்குக்கு முகாமை மாற்றி, நிலத்தை மாநில அரசிடம் ஒப்படைக்கும் நிகழ்ச்சியில் கலந்துகொண்டார். ஒப்பந்தத்துக்கும் இதற்கும் இடையே 39 ஆண்டு.

வேலிகள் எப்போதோ மக்கி மண்ணாகிவிட்டன. ஆனால் ஊர்கள் திரும்பிப் போகவில்லை. பழைய முகட்டுக்குப் போகலாம் என்று அனுமதி வந்தபோது பலருக்கும் அங்கே வீடு இல்லை, பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூடம் இருந்தது. 2011 கணக்கெடுப்பில் மிசோரத்தின் மக்கள்தொகையில் 52 சதவீதம் நகரவாசிகள், நாட்டிலேயே மிக அதிகமான மாநிலங்களில் ஒன்று. அதற்குப் பல காரணங்கள் உண்டு, இந்தச் சாலையோர மையங்கள் அவற்றில் முக்கியமான ஒன்று. ஒரு போர்க்கோட்பாடு ஒரு சமூகத்தின் வரைபடத்தையே மாற்றிப் போட்டுவிட்டுப் போனது.

மிசோரத்தைக் கிளர்ச்சி எதிர்ப்பின் வெற்றி என்று பாடம் நடத்துகிறார்கள். வெற்றிதான், மறுக்கவில்லை. வென்றது எது என்பதில்தான் எனக்குத் தகராறு. இருபது வருடம் ராணுவமும் முன்னணியும் ஒன்றையொன்று களைக்கவைத்தன. சண்டையை முடித்தவர்கள் ஒரு ஓய்வுபெற்ற பிரிகேடியரும், சளைக்காத பாதிரியார்களும், நாற்காலியை விட்ட ஒரு முதலமைச்சரும், கையெழுத்திட்டபின் வார்த்தை மாறாத இரண்டு தரப்பும். அடுத்த முறை எங்கோ ஒரு மலையில், ஒரு காட்டில் படை இறங்குகிறது என்று செய்தி படிக்கும்போது, எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அங்கே பேசுவதற்கு யார் போயிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். யாரும் போகவில்லை என்றால் அந்தச் சண்டை இன்னும் முடியப்போவதில்லை.